மிச்சமான செவ்வரளி

கோயில் வாசலோடு நின்றுவிட்ட என் அம்மாவுக்கு,

உன் சின்னவள் எழுதுகிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது என்று உனக்குத் தெரியும். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது வருகிற குரல், ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்ததும் எங்கேயோ போய்விடுகிறது. எழுதுவதற்கு மட்டும்தான் எனக்குத் தைரியம். நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

செல்விக்குக் கண் மறுபடி மஞ்சளாகிவிட்டது, அம்மா.

நீ பார்த்த அதே மஞ்சள். முதலில் கவனித்தது நான்தான். பொங்கல் லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். கொல்லையில் முந்திரிச் சருகு கூட்டிக்கொண்டிருந்தவள், "சித்தி, இங்க பாரேன்" என்று திரும்பினாள். எதைப் பார்க்கச் சொன்னாள் என்று நினைவில்லை. கண்ணை மட்டும்தான் பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளை ஒரு நொடியில் மறைந்து, உன் நீட்டிய கால்களின் மேல் இளவெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்த கைக்குழந்தை தெரிந்தது.

போன மாதம் ரத்தமாக வாந்தி எடுத்தாள். சென்னைக்குக் கூட்டிப்போனோம். அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. நீ பாப்பா துணி அலசிய குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைக்குக் கைக்குழந்தையில் செய்த ஆபரேஷன் இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது என்றார் டாக்டர். இனி இந்தக் கல்லீரலால் முடியாதாம். அக்காவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து இவளுக்கு வைக்கலாமாம். அக்காவுக்கு எல்லாம் ஒத்துப்போகிறது.

"பொழைச்சுடுவான்னு என்னால சொல்ல முடியாதும்மா. வைக்கலன்னா பொழைக்க மாட்டான்னு சொல்ல முடியும்" என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் செல்லியம்மன் கோயிலில் மறுபடி பூக்கட்டிப் பார்க்கிறார்கள். பொட்டலம் கட்ட வேண்டியவள் நான்.

பூ என் பக்கத்தில், ஈரத்துண்டில் இருக்கிறது. மத்தியான வெயில் கொளுத்துகிறது. அக்கா செல்வியை மடியில் போட்டுக்கொண்டு கண் மூடியிருக்கிறாள். அடிக்கடி கொல்லைக் கதவு ஆடுகிற சத்தம் கேட்கிறது. நீ வரும்போது அப்படித்தான் ஆடும். எழுந்து பார்க்கவில்லை.

அக்கா வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒரு முறை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் பூவரசு இலையில் ஒரே மாதிரி மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் காலடியில் வைக்க வேண்டும். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. வீட்டுப் பெரியவர் அப்படியே கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட வேண்டும். மருமகள் சம்பந்தப்பட்ட காரியமென்றால் கட்டுவது பெண் வீட்டார், எடுப்பது மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை. நாளைக்கு ஒருவரை ஒருவர் குறை சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிற ஏற்பாடு.

இப்போது பெண் வீட்டார் என்றால் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

செல்வி பிறந்தது வாலிகண்டபுரத்தில், நம் வீட்டில் நீ கையைப் பிடித்துக்கொண்டிருக்க. நான் அப்போதுதான் பெரம்பலூரில் காலேஜ் சேர்ந்திருந்தேன். நம் வம்சத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். குழந்தை மஞ்சளாக இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறந்த பிள்ளைக்கு இருக்கும், வெயிலில் காட்டினால் போய்விடும் என்றார்கள். காட்டினாய். போகவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனாய். கீழாநெல்லியை அரைத்து அக்காவுக்குக் கொடுத்தாய்.

பாப்பா வெள்ளையாக வெளிக்கிப் போனாள். சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினது போல. அதைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "பாரு, சுத்தமான தாய்ப்பால். பால் குடிச்சு பாலாவே போவுது எங்க ராசாத்தி." பக்கத்து வீட்டில் கூப்பிட்டுக் காட்டினாய். அவர்களும் ஆமாம் என்றார்கள். துணி துவைப்பதற்குச் சுலபம் என்று ஒருத்தி சிரித்தாள்.

தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாதான் அந்தத் துணியைப் பார்த்து முகம் மாறினார். "எத்தனை நாளா இப்படிப் போவுது?" என்றார். நீ பெருமையாக, "பொறந்ததுலேருந்தே" என்றாய். அவர் பையை மூடிவிட்டு, "இன்னிக்கே டவுனுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார்.

பெரம்பலூர், அங்கிருந்து திருச்சி, அங்கிருந்து சென்னைக்குச் சீட்டு. ஒவ்வொரு டாக்டர் எதிரிலும் என்னைத்தான் முன்னால் தள்ளினாய். "எம் பொண்ணு படிக்கிறா. அவகிட்ட சொல்லுங்க, அவ எங்களுக்குச் சொல்லுவா." எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துவிடும். திருச்சி டாக்டர் ஒரு தாளில் கல்லீரல் வரைந்து காட்டினார். கல்லீரலில் ஊறுகிற பித்தநீர் குடலுக்கு இறங்க வேண்டிய குழாய் இந்தக் குழந்தைக்கு இல்லை. ரொம்ப அபூர்வமாக வருவது. குடலை எடுத்து நேரே கல்லீரலோடு தைத்துவிட்டால் வழி பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். நாள் தள்ளத் தள்ளக் கல்லீரல் கெட்டுக்கொண்டே போகும். அப்புறம் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனமில்லை.

பஸ்ஸில் வரும்போது உனக்கும் அக்காவுக்கும் புரிய வைக்கத் தெரியாமல் திணறினேன். கடைசியில், "மதகு இல்லாத ஏரிம்மா" என்றேன். "தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. வெளிய போவ வழி இல்ல. கரை உடையும்."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பாடாலூர் தாண்டும்வரை திரும்பவில்லை. பிறகு கேட்டாய்: "நான் சுத்தமான பாலுன்னு சொன்னேன்ல?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் சம்பந்தி வீட்டுக்குத் தகவல் சொல்லி, பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போனோம். அக்காவின் மாமனார், நாம் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், முழுவதும் கேட்டார். பிறகு ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஆத்தாவைக் கேக்கணும்."

அவரைக் கெட்டவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, அம்மா. நீயும் நினைக்கவில்லை. அத்தானுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தானாம். வயிற்றில் கட்டி என்று தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். திரும்பி வரவில்லை. "அவசரம்னாங்க. அவளைக் கேக்காம கத்தி வைக்க விட்டேன். எம் புள்ள போயிட்டான்" என்று அன்றைக்கு நம்மிடம் சொன்னார். கோயில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் திறக்கும். அன்று திங்கள்.

"சீக்கிரம் போவணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு சம்பந்தி" என்றாய் நீ.

"போவோம் சம்பந்தியம்மா. அவ போன்னு சொன்னா, அந்த நிமிஷமே அரியலூர்ல ரயிலேறுவோம். வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் யாரு வந்து சொன்னாலும் எம் பேத்தி மேல கத்தி படாது."

அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள், அங்கேயே தங்கியிருந்த பாப்பாவும் நாம் மூன்று பேரும் இளைத்துவிட்டோம். பாப்பாவின் மூத்திரம் டீ டிக்காஷன் போல இருந்தது. நீ ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாய், மஞ்சள் ஏதாவது தெரிகிறதா என்று. ஊரில் எல்லாரும் அருவருக்கிற ஒன்றுக்காக நீ சாமி தரிசனம் போலக் காத்துக்கிடந்தாய்.

வெள்ளிக்கிழமை காலையில் என்னைப் பூப்பறிக்க அனுப்பினாய். கிணற்றடியில் செவ்வரளியும் வேலியோரம் நந்தியாவட்டையும் இருந்தன. நந்தியாவட்டை மடி நிறையப் பறித்தேன். செவ்வரளியில் ஒரே ஒரு கொத்து, காம்போடு ஒடித்து வந்தேன். உன் பூக்கூடையில் இரண்டையும் வைத்தேன். கோயில் மண்டபத்தின் மூலையில் முந்தானையால் மறைத்துக்கொண்டு நீ தனியாகக் கட்டினாய். அதுதான் முறை. யாரும் பார்க்கக் கூடாது.

அத்தானின் பங்காளி வீட்டுச் சிறுமி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பெண், போய் எடுத்து வந்தாள். பெரிய மாமா பிரித்தார். வெள்ளை. அக்கா அப்படியே தரையில் விழுந்து அழுதாள். பூசாரி மணியடித்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீ மட்டும் கையைக் கூப்பியபடி அம்மனைப் பார்க்காமல், அவள் காலடியில் மிச்சமிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பெரிய மாமா அதை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். அவர் முதுகு மறையும்வரை பார்த்தாய்.

வீட்டுக்கு வந்து நான்தான் பூக்கூடையைக் கவிழ்த்தேன். வாடிய நந்தியாவட்டை நாலைந்து உதிர்ந்தன. அதோடு அந்தச் செவ்வரளிக் கொத்தும் விழுந்தது. நான் ஒடித்து வந்த அதே கொத்து. ஒரு பூ குறையவில்லை.

நிமிர்ந்தேன். நீ அடுப்படி வாசலில் நின்றிருந்தாய். கொஞ்ச நேரம் இருவரும் அதையே பார்த்தோம். பிறகு நீ வந்து அதை எடுத்தாய்.

"மிச்சம்" என்றாய்.

கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்தாய். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று என்னை விரட்டினாய். அதற்குப் பிறகு நீயும் நானும் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

ஆபரேஷன் முடிந்து பாப்பா வெளியே வந்தபோது வயிற்றின் குறுக்கே பெரிய தையல். பக்கத்துக் கட்டிலில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த மும்தாஜ் அக்கா இருந்தார்கள். அவர்களுடைய மகனுக்கும் வயிற்றில்தான் ஏதோ. மூன்றாம் நாளே நீயும் அவர்களும் கஞ்சி பங்குபோட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டீர்கள். "நம்ம ஊருப் பேச்சு காதுல விழுந்தாத்தான் கஞ்சியே எறங்குது எனக்கு" என்பார்கள்.

ஒரு நாள் அவர்கள் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டும்போது நீ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாய். "எம் பேத்திக்கும் சேத்துக் கேளு தாயி" என்றாய்.

"கேக்காம இருப்பேனாக்கா? தெனம் துஆ செய்றேன். நீங்களும் ஒங்க ஆத்தாகிட்ட கேளுங்க."

"நான் கேட்டா ஆவாது."

"ஏங்க்கா?"

"ஆவாது. நீ கேளு."

மும்தாஜ் அக்கா உன்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "சம்பந்தகாரங்ககிட்ட கோவிச்சுக்கிற மாதிரியில்ல கோவிச்சுக்கிறீங்க சாமிகிட்ட!" என்று சிரித்தார்கள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரில் ஓதி ஊதி, பாப்பாவின் உதட்டில் தொட்டு வைத்தார்கள். நீ அந்தச் சொம்பைக் கையில் வாங்கவே தயங்கினாய். நான்தான் வாங்கினேன்.

அன்று குழாயடியில் துணி அலசும்போது, என் பக்கம் திரும்பாமலே நீ சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. "அவ வாயால வேணாம்னு வந்துட்டா, அப்புறம் நான் அவளை எப்படிடி கும்புடுறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டு துணி பிழிந்தேன்.

ஒரு காலையில் அக்கா வராந்தாவில் ஓடிவந்தாள். கையில் பாப்பாவின் துணி. "அம்மா, மஞ்சளும்மா! பச்சையும் மஞ்சளுமா போயிருக்கு!" கூட்டிப் பெருக்குகிற அம்மாவிலிருந்து நர்ஸ் வரைக்கும் அந்தத் துணியை வந்து பார்த்தார்கள். மும்தாஜ் அக்கா எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். நீ அந்தத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். அழுவாய் என்று நினைத்தேன். உன் முகத்தில் பயம்தான் இருந்தது.

செல்லியம்மன் பேரையே வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் செல்வி. காது குத்து, முடியிறக்குதல், வருஷப் பொங்கல் எல்லாம் அந்தக் கோயிலில்தான். எல்லாவற்றுக்கும் வந்தாய். வேப்பமரம் வரைக்கும் வருவாய். அதற்கு மேல் ஓர் அடி வைக்க மாட்டாய். கேட்டால் ஏதாவது ஒரு காரணம் வைத்திருப்பாய். தூரம் என்பாய், கால் வலி என்பாய், செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்பாய். நாங்கள் உள்ளே போவோம். மணிச்சத்தம் கேட்டதும் நீ மரத்தடியில் கண்ணை மூடிக் குனிந்து நிற்பாய், அடி வாங்கப்போகிற பிள்ளை நிற்குமே, அப்படி. திரும்பி வரும்போது விபூதி நீட்டினால் பெரிய மாமா கையிலிருந்து மட்டும் வாங்க மாட்டாய். அவர் முகத்தை நீ அதன் பிறகு நிமிர்ந்து பார்த்து நான் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டால் அக்கா வாழ்க்கை என்னாகும் என்று பயந்தாயா? இல்லை, அம்மனைவிட அவருக்குத்தான் பயந்தாயா?

செல்விக்கு அடிக்கடி குளிர்க்காய்ச்சல் வரும். குழாயில்லாத பிள்ளைகளுக்கு அப்படி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நீ நம்பவில்லை. ஒவ்வொரு காய்ச்சலையும் உன்னைத் தேடி வந்த ஆளாகத்தான் பார்த்தாய். "கேக்கணும்னா என்னையக் கேக்கட்டும். அதுகிட்ட என்ன இருக்கு?" என்று வெறும் சுவரைப் பார்த்து நீ சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது, சின்ன வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். கூடையில் பாதி வெங்காயம் இருந்தது. அந்த வாரம் செல்விக்குப் பத்து நாளாய் விடாமல் அடித்த காய்ச்சல் நின்றது. தற்செயல் என்றுதான் விலங்கியல் படித்த எனக்குத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை. இன்றுவரை தோன்றவில்லை. நீ எதையாவது பேசி முடித்துவிட்டுப் போனாயா, அம்மா?

உன்னைச் செல்வி அதிகம் பார்த்ததில்லை. நீ போகும்போது அவளுக்கு மூன்றரை வயது. போன வருஷப் பொங்கலில், இலையில் வாங்கின சர்க்கரைப் பொங்கலைத் தின்னாமல் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே போனேன். வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாதியைப் பிரித்து வேரில் வைத்தாள்.

"இங்க ஏண்டி வைக்கிற?"

"அம்மாயிக்கு. அவுங்கதான் உள்ள வர மாட்டாங்கள்ல."

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். அன்று முழுக்க அந்த மரத்தின் பக்கம் என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

இப்போது இன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

விடிந்ததும் பெரிய மாமா தோளில் இருந்த துண்டில் பூ பறித்துக்கொண்டு வந்தார். இப்போது அவருக்கு நடை தளர்ந்துவிட்டது. துண்டை என் எதிரில் விரித்தார். எல்லாம் நந்தியாவட்டை. புரட்டிப் பார்த்தேன். ஒரு சிவப்பு கூட இல்லை.

"மாமா, செவ்வரளி?"

"பூக்கல."

அவருக்குப் பின்னால் கிணற்றடியில் செவ்வரளி குலை குலையாகப் பூத்துக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் வந்திருந்தார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்கம்மா கட்டுன மாதிரியே கட்டும்மா" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது, அம்மா. அந்த மனிதரிடம் நான் இதுவரை 'சாப்பிட்டீங்களா மாமா' என்பதற்கு மேல் பேசியதில்லை. இன்று எங்கிருந்தோ குரல் வந்தது. "ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஏரியில விட்டது நான்தானே." கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "தண்ணியில விட்டதும் நாரு அவுந்துபோச்சு. தானா அவுந்துச்சு, நான் அவுக்கல. வெள்ளையா மெதந்துச்சு."

தானாக அவிழ்ந்ததோ, அவர் அவிழ்த்தாரோ. உன் முடிச்சு அவ்வளவு சுலபத்தில் அவிழாது என்று எனக்குத் தெரியும். 

"பெறவு ஏன் மாமா யாருகிட்டயும் சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? சம்பந்தியம்மாகிட்டப் போயி, நீங்க செஞ்சது எனக்குத் தெரியும்னு சொன்னா, அவுங்க அப்புறம் இந்த வூட்டுப் படி ஏறுவாங்களா?" துண்டில் சிதறிய பூவை ஒதுக்கினார். "அவுங்க உள்ள வராம மரத்தடியில நிக்கயிலல்லாம் எனக்கு ஒடம்பு கூசும். தெரிஞ்சுக்கிட்டே நான் உள்ள நின்னு விபூதி வாங்குறேன், அவுங்க வெளிய நிக்கிறாங்க. போயிக் கூப்புடணும்னு நெனைப்பேன். என்னன்னு கூப்புடுறது? ரெண்டு பொட்டலத்தையும் ஆத்தா காலடியில வாங்கி வச்சுக்கிட்டாள்ல? வேணாம்னா தள்ளியிருப்பாள்ல? அதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரல."

வாய் வரவில்லையாம், அம்மா. நான் ஒருத்திதான் அப்படி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் எதுக்கு மாமா மறுபடி பூக்கட்டிப் பாக்கணும்? நேரா கூட்டிட்டுப் போயிடலாமே?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு படித்த பெண் இப்படிக் கேட்கிறாளே என்கிற பார்வை. "கேக்காம எப்படிம்மா போறது?" என்றார்.

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

காலையிலிருந்து நான் அவர் சொன்னதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். யாருடைய கோபத்திலிருந்து அக்காவைக் காப்பாற்ற நினைத்து நீ ஒடுங்கினாயோ, அவர் எல்லாம் தெரிந்தே உன் எதிரில் நின்றிருக்கிறார். உன்னிடம் விபூதித் தட்டை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நீ வாங்காமல் தலையைக் குனிந்திருக்கிறாய். இருவரும் ஒரே பொட்டலத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ வேப்பமரத்திலிருந்து கருவறை வரைக்கும் நடந்திருப்பாய். உன் மூச்சு அவ்வளவு சீக்கிரம் நின்றிருக்காதோ என்னவோ. இதையெல்லாம் உன்னிடம் இப்போது சொல்வது கொடுமையா? உனக்கு முன்பே தெரியுமா? அங்கே எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்களே.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் அவளிடம், "பயமா இருக்காக்கா?" என்று மட்டும் கேட்டேன். "எனக்கா? எடுத்துக்கட்டும், முழுசா வேணும்னாலும் எடுத்துக்கட்டும். அந்தப் பொட்டலத்தை நெனைச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள். செல்வி நடுவில் புகுந்து, "இந்த வாட்டி நான்தான் எடுக்கப்போறேன். தாத்தா சொல்லிட்டாங்க" என்றாள். உப்பின வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மஞ்சள் கண்ணோடு, திருவிழாவுக்குப் போகிறவள் போல ரிப்பன் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

வெயில் சாய்கிறது. பூவரசு இலை பறித்து வைத்துவிட்டேன். நாரையும் நனைத்து வைத்துவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அம்மா. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைத்தான் வைப்பேன். உன்னை மாதிரியே மடிப்பேன். உன் முடிச்சு எனக்கு வரும். இரண்டு வெள்ளை இருந்தாலும் ரயில் ஏறிய பிறகு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அக்காவும் செல்வியும் சேர்ந்து உள்ளே போவார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வர வேண்டும். அதற்குப் பொட்டலம் எதுவும் கிடையாது.

ஆனால் கிணற்றடிக்குப் போய் ஒரு கொத்துச் செவ்வரளியும் ஒடித்து வந்திருக்கிறேன். காம்போடு. அது பொட்டலத்துக்கு இல்லை. கையில் வெளிப்படையாகக் கொண்டுபோய் அவள் காலடியில் வைக்கப்போகிறேன், பெரிய மாமா பார்க்க, எல்லாரும் பார்க்க. நீ கிணற்றில் போட்டது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. இது சேரட்டும். இதை வைத்துவிட்டு, முதல் தடவையாக வாய்விட்டு, செல்விக்காக நானே கேட்பேன். வேறு யாரையும் கேட்கச் சொல்ல மாட்டேன்.

உள்ளே போவதற்கு முன்னால் வேப்பமரத்தடியில் நிற்பேன். எல்லாரும் போகட்டும். உன்னைக் கூப்பிடுவேன். சத்தமாகவே கூப்பிடுவேன். நீ வராமல் நான் அந்தப் படியைத் தாண்ட மாட்டேன்.

செருப்பை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டாம், அம்மா. வா.

உன் முடிச்சைக் கைக்குள் வைத்திருக்கும்
சின்ன மகள்,
தமிழரசி